நின்றால் கேட்கும் பாட்டு, ஓடினால் எங்கே போகிறது?

கேள்வி இதுதான். ஆடியோ சிஸ்டம் உள்ள, நெடும்பயணத்துக்கான பெரிய டூரிங் மோட்டார்சைக்கிள். முன்பக்கக் கவசமான ஃபேரிங்கில் பொருத்திய ஸ்பீக்கரில் பாட்டு கணீரென்று இருக்கிறது. அதே பாட்டை வண்டியிலிருந்து ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஹெட்செட்டுக்கு அனுப்பினால் அடி ஒலியான பாஸ் இல்லை, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கிறது. வேகம் ஏற ஏற பாடுபவரின் குரலும் போய்விடுகிறது. வால்யூமை முழுக்கத் திருகினால் கரகரப்புதான் மிச்சம். புது ஹெட்செட் வாங்கலாமா, நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபையர் போடலாமா?

இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். வண்டியின் ஆடியோவில் கிளம்பும் ஒலி உங்கள் காதுக்கு வந்து சேர்வதற்குள் நாலைந்து இடங்களைக் கடக்கிறது. எந்த இடத்தில் கெடுகிறது என்று தெரியாமல் செலவு செய்தால், நன்றாக இருக்கும் பாகத்தைக் கழற்றிவிட்டு இன்னொரு நல்ல பாகத்தை மாட்டுவோம். குறை அப்படியே இருக்கும். நானும் பல வருடம் ஹெல்மெட் ஸ்பீக்கரோடு ஓட்டியிருக்கிறேன், நண்பர்களுடையதையும் பிரித்துச் சரிசெய்திருக்கிறேன். அதில் கண்டது என்னவென்றால், குறை பெரும்பாலும் கடைசி ஒரு அங்குலத்தில்தான், அதாவது ஸ்பீக்கருக்கும் காதுத் துளைக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் வண்டியிலும் அப்படித்தானா என்று பார்த்துவிடுவோம்.

வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஆடியோவை மட்டும் ஓடவிடுங்கள். ஹெல்மெட்டைப் போட்டு வாரையும் மாட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டை எடுங்கள். அடியில் பாஸ் கிடார் தெளிவாக ஓட வேண்டும், மேலே ஒற்றைக் குரல் இருக்க வேண்டும். நடுத்தர வால்யூமில் கேளுங்கள். இப்போது இரண்டு உள்ளங்கைகளாலும் ஹெல்மெட்டின் பக்கங்களைக் காதை நோக்கி அழுத்துங்கள். பாஸ் சட்டென்று எழுந்து வந்தால் குறை ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில். ஒன்றும் மாறாவிட்டால், ஹெட்செட்டை வண்டியிலிருந்து துண்டித்துவிட்டு நேராக போனோடு இணைத்து அதே பாட்டைக் கேளுங்கள். போனிலிருந்து நன்றாகவும் வண்டியிலிருந்து மோசமாகவும் வந்தால், வண்டிக்கும் ஹெட்செட்டுக்கும் இடையே உள்ள இணைப்பில் ஏதோ சரியில்லை. அப்புறம் என்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகிப் பாருங்கள். என்ஜினோடு சேர்ந்து 'ஙொய்' என்ற ஒலியும் ஏறி இறங்கினால் அது மின்சாரக் கோளாறு. இவை மூன்றிலும் தேறிவிட்டு, சாலையில் ஓடும்போது மட்டும் பாட்டு கெட்டால் எதிரி காற்று. இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் கூட ஆகாது. என்ஜின் அணைந்த நிலையில் ஆடியோ பேட்டரியை உறிஞ்சும், அதனால் முதல் பகுதியை மட்டும் சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்பீக்கர் இருக்கும் இடம். இதில் கொஞ்சம் விரிவாகவே போகிறேன், ஏனென்றால் பலன் அதிகமாகக் கிடைப்பது இங்கேதான், செலவும் இல்லை.

ஹெல்மெட் ஸ்பீக்கர் பொதுவாக 40 மி.மீ. அகலமுள்ள சின்னத் தட்டு. அவ்வளவு சின்ன தட்டால் திறந்த வெளியில் பாஸ் கொடுக்கவே முடியாது. முன்பக்கம் தள்ளும் காற்றும் பின்பக்கம் இழுக்கும் காற்றும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காதுக்கு மிக நெருக்கமாக, சுற்றிலும் ஓரளவு மூடிய சிறு அறையாக இருந்தால் மட்டுமே அதனால் பாஸ் தர முடியும். இடைவெளி 5 மி.மீ. கூடினாலே வித்தியாசம் தெரியும். ஒரு சென்டிமீட்டர் விலகினால் பாஸ் போய், நடு ஒலி மட்டும் தகரம் போல மிஞ்சும். நீங்கள் சொன்ன குறை இந்த வர்ணனைக்கு அப்படியே பொருந்துகிறது.

ஹெல்மெட் செய்பவர்கள் காதுக்கென்று ஒரு குழி விட்டிருப்பார்கள். அந்தக் குழியின் நடுவில் ஸ்பீக்கரை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தக் குழி எல்லாத் தலைக்கும் பொதுவாக வைத்தது. உங்கள் காதுத் துளை அதன் நடுவுக்கு நேராக வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் பார்த்த வரையில் பலருக்கு ஸ்பீக்கர் மேலேயோ பின்னாலேயோ தள்ளி உட்கார்ந்திருக்கிறது. இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

கண்டுபிடிக்க எளிய வழி: ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, கன்னத்துப் பஞ்சுக்குக் கீழிருந்து ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, காதுத் துளைக்கு முன்னால் மேடாக இருக்கும் குருத்தெலும்பைத் தொடுங்கள். அங்கிருந்து விரலை நேராக வெளிப்பக்கம் நகர்த்தினால் ஸ்பீக்கரின் நடுவில் இடிக்க வேண்டும். ஓரத்தில் இடித்தால் அந்தத் திசையில் நகர்த்த வேண்டும் என்று பொருள். பெரும்பாலான ஸ்பீக்கர்கள் வெல்க்ரோவில்தான் நிற்கின்றன, பிய்த்து நகர்த்துவது சுலபம். ஒரு நேரத்தில் 3, 4 மி.மீ. மட்டும் நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் அதே பாட்டை அதே வால்யூமில் கேளுங்கள். சரியான இடம் வந்ததும் சந்தேகமே இருக்காது, பாஸ் திடீரென்று தலைக்குள் வந்து உட்காரும்.

அடுத்து ஆழம். குழி ஆழமாக இருந்தால் ஸ்பீக்கருக்குப் பின்னால் மெத்தை வைத்துக் காதை நோக்கித் தள்ள வேண்டும். ஹெட்செட்டோடு வரும் வட்டமான பஞ்சுத் துண்டுகள் இதற்காகத்தான். பலரும் அவற்றைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். காதில் பட்டும் படாமலும் இருக்கும் வரை தள்ளலாம். அழுத்தக் கூடாது. முதல் ஐந்து நிமிடம் சுகமாக இருக்கும் அழுத்தம் ஒரு மணி நேரப் பயணத்தில் காதைக் கன்றவைத்துவிடும். சுற்றிலும் இடைவெளி இருந்தால், ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றி மெல்லிய மென்பஞ்சு வளையம் ஒன்றை வெட்டி ஒட்டுங்கள். காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அது ஒரு சிறு அறையை உண்டாக்கும். ஸ்பீக்கரின் முகத்தின் மேல் மட்டும் தடித்த துணியோ பஞ்சோ வரக் கூடாது, மேல் ஒலியான ட்ரெபிள் அங்கேயே அடங்கிவிடும். சில ஹெல்மெட்டுகளில் உள் லைனிங் துணியே ஸ்பீக்கரை மூடிக்கொண்டு வரும். அது ஊடுருவும் வலைத்துணியா, கனமான துணியா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஸ்பீக்கருக்கு இடம் போதவில்லை என்று உள்ளே இருக்கும் தெர்மோகோல் அடுக்கைக் குடையாதீர்கள். விழும்போது நசுங்கி அடியை வாங்கிக்கொள்வது அந்த அடுக்குதான். கழற்றக்கூடிய பஞ்சு மெத்தையை மாற்றி அமைக்கலாம். தெர்மோகோலில் கத்தி படக் கூடாது. இடமே இல்லையென்றால் மெல்லிய ஸ்பீக்கர் தேடுங்கள், அல்லது வேறு ஹெல்மெட்.

என் நண்பர் ஒருவர் மூன்றாவது ஹெட்செட்டை வாங்கத் தயாராக இருந்தார். அவருடைய இடப்பக்க ஸ்பீக்கர் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில், காதின் மேல் மடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலப்பக்கம் சரியாக இருந்ததால், 'இடது பக்கம் மட்டும் அடைத்துக்கொண்டு கேட்கிறது, ஹெட்செட்டில் சேனல் போய்விட்டது' என்று முடிவுகட்டியிருந்தார். இறக்கி ஒட்டி, பின்னால் ஒரு பஞ்சு வைத்தோம். அதே ஹெட்செட்டைத்தான் இன்றும் வைத்திருக்கிறார்.

இடம் சரியானது என்று வைத்துக்கொள்வோம். இப்போது காற்று.

ஏறத்தாழ 60, 70 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் என்ஜின் சத்தத்தைவிடக் காற்றின் சத்தம் மேலோங்கிவிடும். 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் சுமார் 95 முதல் 100 டெசிபல் வரை இரைச்சல் இருக்கும். ஹெல்மெட்டையும் வண்டியின் விண்ட்ஷீல்டையும் பொறுத்துக் கூடக் குறைய இருக்கலாம். அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வேலையிடங்களுக்கு வகுத்த வரம்பின்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். அந்த இரைச்சலுக்கு மேலே பாட்டு கேட்க வேண்டும் என்று வால்யூமை ஏற்றினால் காதுக்குப் போவது அதையும் தாண்டிய அளவு. ஒலியின் தரத்தைவிட இது எனக்குப் பெரிய கவலை, ஏனென்றால் இப்படிப் போன செவித்திறன் திரும்பி வருவதில்லை.

தரத்துக்கும் இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. காற்றின் இரைச்சலில் பெரும்பகுதி 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே, தாழ்ந்த ஒலியாக இருக்கும். தாழ்ந்த இரைச்சல் தன் அளவில் மட்டும் நிற்காமல் தனக்கு மேலே உள்ள ஒலிகளையும் மறைக்கும். இரைச்சல் எவ்வளவு பலமாக இருக்கிறதோ அவ்வளவு உயரம் வரை அந்த மறைப்பு பரவும். அதனால்தான் பாஸ் முதலில் போகிறது, பிறகு குரலும் போகிறது, கடைசியில் சிம்பலின் சலங்கை ஒலி மட்டும் காதில் விழுகிறது.

இதற்கு நான் சொல்லும் மருந்து முதலில் கேட்பவருக்கு விநோதமாகப் படும்: காதில் அடைப்பான் போட்டுக்கொண்டு பாட்டு கேளுங்கள். அடைப்பான் இரைச்சலையும் பாட்டையும் சேர்த்தே குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மொத்த அளவு இறங்கியதும் அந்த மேல்நோக்கிய மறைப்பு வெகுவாகச் சுருங்குகிறது, திணறிக்கொண்டிருந்த காது தெளிவாக வேலை செய்கிறது. முதல் தடவை ஒரு நீண்ட சாலையில் முயன்றபோது, அதுவரை ஓட்டத்தில் கேட்டே இராத பின்னணி வயலின் எனக்குக் கேட்டது. வழக்கமான பஞ்சு அடைப்பான் மேல் ஒலிகளைக் கூடுதலாக வெட்டும், அதற்கு ஈடாக ட்ரெபிளைச் சற்று ஏற்ற வேண்டும். வடிகட்டி வைத்த, எல்லா ஒலியையும் ஓரளவு சமமாகக் குறைக்கும் அடைப்பான்கள் இசைக்கு இன்னும் நல்லவை. காதுக்குள் எதையும் வைத்து ஓட்டுவது பற்றிச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் இடத்தில் என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்னும் ஆம்புலன்ஸ் ஒலியும் கேட்காத அளவுக்குப் பாட்டு வைக்கக் கூடாது என்பது எல்லா இடத்துக்கும் பொது.

அடுத்தது, இரைச்சல் பிறக்கும் இடத்திலேயே குறைப்பது. ஆளில்லாத நேரான சாலையில், சீரான வேகத்தில், தலையை மட்டும் ஒரு சாண் தாழ்த்திப் பாருங்கள், பிறகு சற்று நிமிர்ந்து பாருங்கள். ஏதாவது ஒரு நிலையில் இரைச்சல் சட்டென்று அடங்கினால், உங்கள் விண்ட்ஷீல்டின் மேல்விளிம்பிலிருந்து சுழன்று வரும் காற்று நேராக ஹெல்மெட்டில் மோதுகிறது. கண்ணாடியைச் சில சென்டிமீட்டர் ஏற்றுவதோ இறக்குவதோ தீர்த்துவிடும். கண்ணாடியை உயர்த்தினால் அமைதி கூடும் என்று எப்போதும் சொல்ல முடியாது. பாதி உயரக் கண்ணாடிதான் பல சமயம் மோசமான சுழலை உண்டாக்குகிறது. ஹெல்மெட்டுக்கு அடியிலிருந்து நுழையும் காற்றுக்கு மோவாய்த் துணி, கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய துணி போதும். விசர் ரப்பர் சரியாகப் பதியாமல் விசிலடித்தால் அதையும் கவனியுங்கள்.

சரி, போனில் நன்றாகக் கேட்டு, வண்டியிலிருந்து வரும்போது மட்டும் கெடுகிறதா? அப்படியானால் புளூடூத்துக்கு வருவோம்.

புளூடூத்தில் ஒலிக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று இசைக்கான ஏ2டிபி. ஸ்டீரியோ, முழு அகலம். மற்றது தொலைபேசிக் குரலுக்கான எச்எஃப்பி. ஒற்றைச் சேனல், மைக்கும் சேர்ந்தது. குரல் பாதையின் பழைய வடிவம் வினாடிக்கு 8,000 மாதிரிகள்தான் எடுக்கும், எனவே அதில் பாதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. அடுத்து வந்த வடிவம் 16,000 மாதிரிகள். பேச்சுக்கு நன்று, இசைக்குப் போதாது. இசை தவறிப் போய்க் குரல் பாதையில் ஏறிவிட்டால், டெலிபோனில் காத்திருக்கும்போது ஒலிக்கும் பாட்டு போல ஆகிவிடும். தகர ஒலிக்கு இது இரண்டாவது பெரிய காரணம்.

ஏன் தவறிப் போகிறது? வண்டியின் சிஸ்டத்துக்குப் பாட்டு மட்டும் வேலையில்லை. வழிகாட்டும் குரல், போன் அழைப்பு, குரல் கட்டளை, சில வண்டிகளில் பின்னால் இருப்பவருடன் பேசும் இண்டர்காம் என்று மைக் தேவைப்படும் வேலைகள் பல. ஏதாவது ஒன்று குரல் பாதையைத் திறந்து, மூடாமல் விட்டுவிட்டால் பாட்டும் அதிலேயே போகும். எளிதில் கண்டுபிடிக்கலாம்: இடமும் வலமும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கும் ஒரு பாட்டைப் போடுங்கள். இரண்டு காதிலும் ஒரே ஒலி வந்தால் நீங்கள் குரல் பாதையில் இருக்கிறீர்கள். இண்டர்காம் பேசிக்கொண்டே பாட்டும் கேட்கும் வசதி உள்ள ஹெட்செட்டுகளில், பேச்சு திறந்திருக்கும் வரை பாட்டின் தரம் இறங்குவது பல மாடல்களுக்கு இயல்பு. அது கோளாறு அல்ல, இண்டர்காமை மூடிவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

தீர்வு, இணைப்புகளை அடியோடு அழித்து வரிசையாகக் கட்டுவது. போன், வண்டி, ஹெட்செட் மூன்றிலும் பழைய இணைப்புகளை நீக்குங்கள். ஹெட்செட்டின் மென்பொருளையும் வண்டி ஆடியோவின் மென்பொருளையும் புதுப்பித்துவிடுங்கள், இந்தப் பாதைக் குழப்பங்கள் பலவற்றை அவற்றில்தான் சரிசெய்கிறார்கள். பிறகு ஹெட்செட்டை வண்டியோடு மட்டும் இணையுங்கள். போனை ஹெட்செட்டோடும் தனியாக இணைத்து வைத்தால், வண்டியும் போனும் ஒரே ஹெட்செட்டில் அழைப்புக்காகப் போட்டியிடும். அப்படி இணைத்தே ஆக வேண்டுமென்றால், 'இசை மட்டும்', 'அழைப்பு மட்டும்' என்று பிரித்து இணைக்கும் வசதி பல ஹெட்செட்டுகளில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

போனை வண்டியோடு எப்படி இணைப்பது என்பதும் முக்கியம். போனிலிருந்து வண்டிக்குப் புளூடூத், வண்டியிலிருந்து ஹெட்செட்டுக்கு மறுபடி புளூடூத் என்று வைத்தால், பாட்டு இரண்டு தடவை சுருக்கப்படுகிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்பிசி என்ற சுருக்கும் முறையில் நல்ல தரமே வினாடிக்கு 328 கிலோபிட்தான். முதல் தடவை வெட்டியதை இரண்டாம் தடவை மறுபடி வெட்டினால் சிம்பல், வயலின் எல்லாம் மணல் தூவியது போல் ஆகும். போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டினால் ஒரு வெட்டு மிச்சம். 2018-ல் வந்த ஹோண்டா கோல்ட் விங், ஐபோனின் செயலிகளை வண்டித் திரையில் காட்டும் ஆப்பிள் கார்பிளே கொண்ட முதல் மோட்டார்சைக்கிள். அதில் போன் கேபிளில் வரும், ஹெட்செட்டும் இணைந்திருந்தால்தான் கார்பிளே திறக்கும். ஏற்பாடு கண்டிப்பானதுதான், ஆனால் ஒலிக்கு நல்லது. வண்டியின் வழிகாட்டியும் ரேடியோவும் உங்களுக்கு அவசியமில்லை என்றால், வண்டியை விட்டுவிட்டுப் போனையே நேராக ஹெட்செட்டோடு இணைப்பதுதான் சுத்தமான வழி. பாட்டுக்கு மட்டும் என்றால் நான் அதைத்தான் செய்வேன்.

வால்யூமுக்கும் ஒரு வரிசை உண்டு. போன், வண்டி, ஹெட்செட் என்று மூன்று இடத்தில் வால்யூம் இருக்கிறது. போனில் பாதி வைத்து ஹெட்செட்டில் முழுக்க ஏற்றினால், சன்னமான சிக்னலோடு அடியிலிருக்கும் 'ஸ்ஸ்' இரைச்சலும் சேர்ந்து பெருகும். போனை ஏறக்குறைய முழுதாக, ஒன்றிரண்டு படி மட்டும் குறைவாக வையுங்கள். வண்டியைப் பாதிக்குச் சற்று மேலே. தேவையான அளவை ஹெட்செட்டில் பிடியுங்கள். ஹெட்செட்டைக் குறைத்தும் கரகரப்பு நிற்கவில்லை என்றால் அது மேலேயே, அதாவது வண்டியிலோ போனிலோ உடைகிறது, அங்கே குறையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் இரண்டு வால்யூமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு நகர்ந்தால், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அப்சல்யூட் வால்யூமை அணைத்தால் தனித்தனியாகப் பிரியும். வேகத்துக்கு ஏற்ப வால்யூம் தானாக ஏறும் அமைப்பு வண்டியில் இருந்தால் அதைக் குறைந்த நிலையில் வையுங்கள். அது ஃபேரிங் ஸ்பீக்கரை மனதில் வைத்துச் செய்தது, ஹெட்செட்டை எளிதாக உடைய வைத்துவிடும்.

பாஸ், ட்ரெபிள் போன்றவற்றைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரிலும் அதே கதை. வண்டியின் ஈக்வலைசரில் பாஸும் ட்ரெபிளும் தூக்கி வைத்திருப்பார்கள், திறந்த வெளியில் ஒலிக்கும் ஸ்பீக்கருக்கு அது தேவை. ஹெட்செட்டிலும் பாஸ் பூஸ்ட் போட்டிருந்தால் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒரு இடத்தை மட்டும் நம்புங்கள்: வண்டியில் எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டு, ஹெட்செட்டில் திருத்துங்கள். பாஸை 6 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு நாலு மடங்கு மின்திறன் வேண்டும், 40 மி.மீ. தட்டிடம் அவ்வளவு கேட்டால் குரலையும் சேர்த்துக் கெடுக்கும். ஓடும்போது 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவாக இருந்தாலும் காற்று விழுங்கிவிடும். அதனால் அந்தப் பகுதியைக் குறைத்துவிட்டு, குரல் நிற்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை லேசாகத் தூக்கிப் பாருங்கள். பாஸ் பிரியர்கள் இதை ஏற்க மறுப்பார்கள், ஆனால் 100 கி.மீ. வேகத்தில் ஒரு தடவை கேட்டால் ஒத்துக்கொள்வார்கள்.

ஒயர் வழியாக ஹெட்செட் மாட்டும் வண்டிகளும் இன்னும் நிறைய ஓடுகின்றன. பழைய கோல்ட் விங்குகளில் 5 பின் வட்டச் சாக்கெட், ஹார்லியில் 7 பின். இவற்றில் பாதிக் குறை பின்களில் படியும் பச்சைக் களிம்புதான். கான்டாக்ட் கிளீனர் அடித்து, நாலைந்து தடவை செருகி எடுத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய் அடுத்த மழையில் இன்னும் மோசமாகும். பாட்டில் வாத்தியங்கள் எல்லாம் குகைக்குள் போலக் கேட்டு, பாடுபவர் குரல் மட்டும் காணாமல் போனால், ஸ்பீக்கரைத் திட்டாதீர்கள். சிக்னல் திரும்பிச் செல்லும், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கிரவுண்ட் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. அப்போது இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஒலிக்கும். நடுவில் வைத்துப் பதிவான குரல் இரண்டிலும் ஒன்றே என்பதால் கழிந்துவிடும். ஜாக் முழுதாகச் செருகாவிட்டாலும், மூன்று தொடுமுனை உள்ள இடத்தில் நாலு தொடுமுனை உள்ள ஜாக்கைச் செருகினாலும் இதே விளைவு வரலாம்.

என்ஜினோடு ஏறி இறங்கும் அந்த 'ஙொய்' ஒலி, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. போன் வண்டியிலேயே சார்ஜ் ஆகிக்கொண்டு, போனின் ஒலியை வண்டிக்குக் கொண்டுபோகும் ஆக்ஸ் ஒயரும் வண்டியிலேயே மாட்டியிருந்தால், கிரவுண்ட் இரண்டு வழியாகச் சுற்றி ஒரு வளையம் உண்டாகும். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ஒலி நின்றால் அதுதான். போனுக்குப் பவர் பேங்க் கொடுக்கலாம், அல்லது ஆக்ஸ் ஒயரின் நடுவில் அந்த வளையத்தை அறுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்று போடலாம். மிகச் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்தவை பாஸைத் தின்றுவிடும், அதனால் வாங்கியதும் போட்டும் போடாமலும் கேட்டு ஒப்பிடுங்கள்.

இப்போது உங்கள் ஆம்ப்ளிஃபையர் யோசனை. புளூடூத் ஹெட்செட்டுக்கு அது பொருந்தவே பொருந்தாது, அதன் ஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒயர் ஹெட்செட்டில், எல்லா வால்யூமும் முழுதாக வைத்தும் சத்தம் போதவில்லை என்றால் மட்டும் சின்ன ஹெட்போன் ஆம்ப் உதவும். சிலர் செய்யும் ஒரு குறுக்குவழியை மட்டும் செய்துவிடாதீர்கள்: ஃபேரிங் ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்து ஹெட்செட்டுக்கு இழுப்பது. அந்த ஆம்ப்களில் பெரும்பாலும் இரண்டு ஒயரிலுமே சிக்னல் இருக்கும், எதுவும் கிரவுண்ட் அல்ல. ஹெட்செட்டிலோ இரண்டு பக்கத்துக்கும் ஒரே கிரவுண்ட். இரண்டையும் சேர்த்தால் ஆம்ப் ஷார்ட்டாகிப் போகும். போகாமல் தப்பினாலும் அந்த மின்திறன் காதுக்கு ஆபத்து.

இவ்வளவும் செய்த பிறகும் மனம் நிறையவில்லை என்றால் ஹெட்செட்டை விட்டுவிட்டு, ஸ்பீக்கரை மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். பல ஹெட்செட்டுகளில் ஸ்பீக்கர் சின்ன ஜாக்கில் கழன்று வரும். ஹெட்செட்டுக்குச் சொல்லியிருக்கும் மின்தடை அளவான ஓம் அளவுக்குக் குறைவான ஸ்பீக்கரைப் போடாதீர்கள், உள்ளிருக்கும் ஆம்ப் சூடாகும். உணர்திறன் அளவை, அதாவது ஒரே மின்திறனில் எவ்வளவு சத்தம் தரும் என்பதைப் பாருங்கள். 3 டெசிபல் கூடுதலான ஸ்பீக்கர், ஆம்பின் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். தடிமனையும் அளந்துகொள்ளுங்கள், உங்கள் ஹெல்மெட் குழியில் அது காதை அழுத்தாமல் உட்கார வேண்டும். ஒயரை நீங்களே பற்றவைத்தால் இரண்டு பக்கமும் கூட்டல், கழித்தல் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு பக்கம் மாறிப்போனால் குரல் தலையின் நடுவில் நிற்காமல் இரு பக்கமும் கலைந்து திரியும்; அந்தப் பக்கத்து இரண்டு ஒயரையும் இடம் மாற்றிவிட்டால் குரல் நடுவுக்கு வந்துவிடும்.